துண்டுக்குள் வாங்கிய ஷூ

கடைக்காரரின் வலது கை அப்பாவின் துண்டுக்குள் போய்விட்டது.

அதை அவராக நீட்டவில்லை. "எம்புட்டுய்யா சொல்ற?" என்று அப்பா கேட்டார். கடைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்து, தோளில் கிடந்த துண்டை மேலே போட்டு மூடி, உள்ளே விரல்களை நெரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. பிறகு வலி வந்தது. அதற்கும் பிறகு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம் வந்தது.

"அண்ணே, கைய விடுங்கண்ணே. விலை அட்டைப் பெட்டி மேலயே எழுதியிருக்கு."

"எழுதுனது கெடக்கட்டும். நீ விரல்ல சொல்லு."

நாகல் நகர்க் கடைத்தெருவில் அப்போதுதான் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலில் ஷூவும் மறு காலில் ரப்பர் செருப்புமாக நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ரஹீம் பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஆனால் அதில் என்ன மாதம் இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. போலீஸ் வேலைக்கு மனுப் போட்டு, எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். அடுத்து மைதானத்தில் ஒரு சுற்று, நானூறு மீட்டர், குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். அதற்கு ஷூ வேண்டும். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் ஷூ போட்டதில்லை. கல்யாணப் போட்டோவில் அப்பா போட்டிருப்பதும் போட்டோ ஸ்டுடியோக்காரருடையது.

விரல் பேசும் பாஷை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் அப்பா சூசையைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஆட்டுத் தரகர். வியாழக்கிழமைதோறும் விடிவதற்கு முன்பே அய்யலூர் சந்தைக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் இருக்கும் ஆடுகளோடு பேசிக்கொண்டிருப்பார். எங்களோடு பேசியதைவிட அவற்றோடு பேசியதுதான் அதிகம் என்பது அம்மாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

சந்தையில் ஆட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் துண்டுக்குள் போகும். உள்ளே விரலைத் தொட்டும் பிடித்தும் விலை பேசுவார்கள். வெளியே இரண்டு பேரும் மழை பெய்யுமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரிந்துவிட்டால் அவன் வந்து கெடுத்துவிடுவானாம்.

எந்த விரலுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா அது?" என்பார். ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தார், அதுவும் ராணியால்.

ராணி எங்கள் முன்னோடி ஆடு. சந்தைக்குப் போகும் வேனில் முதலில் அவளை ஏற்றினால்தான் மற்றவை பின்னால் ஏறும். சந்தையில் முதலில் அவள் இறங்கினால்தான் மற்றவை இறங்கும். வாரா வாரம் போய்விட்டு வாரா வாரம் திரும்பி வருவாள். பார்ப்பதற்கு மினுமினுவென்று இருப்பதால் வாரத்துக்கு ஒருவராவது அவளுக்கு விலை கேட்டுத் துண்டுக்குள் கையை விடுவார். அப்பா எதுவும் பேசாமல் அந்த ஆளின் ஐந்து விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி, முஷ்டியாக்கி, மூடிவிடுவார். வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்.

"கைய மூடிட்டா விக்கிறதுக்கு இல்லன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒருத்தனும் பேசக் கூடாது" என்றார் அப்பா. எனக்குத் தெரிந்த துண்டு பாஷை அவ்வளவுதான்.

கறி பார்த்து வாங்கியது

ஷூக் கடைக்கு வருவோம். அன்று நாங்கள் காலையிலேயே போனதற்கும் காரணம் உண்டு. "போணி நேரத்துல போனாத்தேன் கடைக்காரன் நம்மள வெறுங்கையோட விட மாட்டான்" என்று சொல்லி, ரஹீம் பாய் ஷட்டரைத் தூக்கும்போதே அப்பா குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார்.

ரஹீம் பாய் அனுபவசாலி. நான் எதற்கு ஓடுகிறேன் என்று கேட்டுவிட்டு, மெல்லிசாக, காற்றுப் போகிற துணியில் தைத்த ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். சாம்பல் நிறத்தில் நீலக் கோடு போட்டது. போட்டுப் பார்த்தேன். போட்ட மாதிரியே இல்லை.

அப்பா அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, வத்தலா இருக்கு. காத்தடிச்சாப் பறந்துரும்."

"ஓடுறதுக்கு லேசா இருந்தாத்தாண்ணே நல்லது."

"லேசா இருக்கிறத எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

அதன் பிறகு கடையில் இருந்த ஒவ்வொரு ஷூவையும் அப்பா எடையைத் தூக்கிப் பார்த்தார். குதிப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். அடிப்பாகத்தை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் மேல் அடுக்கிலிருந்து ஒரு ஜோடியை இறக்கச் சொன்னார். கணுக்கால் வரை ஏறிய வெள்ளை ஷூ. கட்டில் கால் மாதிரி தடித்த சோல். கையில் வாங்கியதும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"இது. இதுலதேன் நல்ல கறி இருக்கு."

காலில் ஏற்றிப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். "ஷூன்னா அப்பிடித்தேன் இருக்கும்" என்றார், ஷூவே போடாத என் அப்பா. அதன் பிறகுதான் ரஹீம் பாயின் கை துண்டுக்குள் போனது. சிறிது நேரம் கழித்து வெளியே வந்தபோது சிவந்திருந்தது. "யா அல்லா, பிள்ள போலீஸாகட்டும். ஆனா மாமூல் வசூலுக்கு மட்டும் உங்களக் கூட்டிட்டு வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பில் போட்டார்.

மந்திரித்த ஷூ

வீட்டுக்கு வந்ததும் அன்றே போட்டு ஓடிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் புதுசு என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. துணியோ, குடையோ, புத்தகப் பையோ, முதலில் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் பட வேண்டும். பிறகு நல்ல நாள் வரும் வரை பீரோவில் இருக்க வேண்டும். அண்ணன் ஒருவன் இருந்து அவனுக்கு சைக்கிள் வாங்கியிருந்தால் அதையும் அம்மா பீரோவில் வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா அட்டைப் பெட்டியோடு பங்குச் சாமியாரிடம் போனார். ஜெபமாலையோ சுரூபச் சிலையோ என்று நினைத்துச் சாமியார் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு வெள்ளை ஷூ.

"இத என்னம்மா செய்யணும்?"

"மந்திரிச்சுக் குடுங்க சாமி. பிள்ள ஓடணும்."

சாமியார் நல்லவர். சிரிக்காமல் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பின்னால் நின்ற பாட்டுக் குழுப் பெண்கள் சிரித்தார்கள்.

மந்திரித்த பொருளை எப்படி மண்ணில் மிதிப்பது? பெட்டி பீரோவுக்குள் போனது. இரண்டு ஷூவிலும் இரண்டிரண்டு அந்துருண்டை போட்டு, லேஸை உள்ளே சுருட்டி, மேலே அம்மாவின் பட்டுப்புடவையும் வைத்தாயிற்று. "செலக்சன் அன்னைக்குக் கால்ல போட்டாப் போதும். அது வரைக்கும் வெறுங்கால்ல ஓடு. காலு உரம் ஏறும்" என்றார் அம்மா. அப்பா ஆமோதித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதில் பழியை அவர்கள் மேல் மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. அந்தப் பளீர் வெள்ளையைப் பார்க்கும்போது எனக்கே அழுக்காக்க மனம் வரவில்லை.

ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்தில் தினமும் காலையில் ஓடினேன். கருவேல முள்ளுக்கும் எனக்கும் தினசரி உறவு. அங்கேதான் தனலட்சுமி வந்து சேர்ந்தாள். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அதே தேர்வுக்காக நாகல் நகரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அவள் காலில் ஒரு ஷூ இருந்தது. ஒரு காலத்தில் என்ன நிறம் என்று அவளுக்கே நினைவில்லை. அந்த ஷூவோடுதான் ஓடுவாள், பால் வாங்கப் போவாள், ரேஷன் வரிசையில் நிற்பாள்.

"ஏனுங்க்கா, நீங்க ஷூ வாங்கலீங்களா?"

"வாங்கிட்டேன். பீரோவுல இருக்கு."

அவள் நின்றுவிட்டாள். "பீரோவுல வெச்சா அது ஷூ இல்லீங்க்கா. நகைங்க."

நான் சிரித்தேன். கொங்கு நாட்டுக் குசும்பு என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு எடுத்துப் போடலாமா என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. வீட்டுக்குப் போனால் அம்மா பீரோவுக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க வாய் வரவில்லை.

இதற்கிடையில் சந்தையில் ஒரு காரியம் நடந்தது. எழுத்துத் தேர்வு பாஸ் என்றதையே அப்பா வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் அய்யலூர் முழுக்க அவர் 'போலீஸ் சூசை'. வியாபாரிகள் அவருக்கு சல்யூட் அடித்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர் பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோன சைக்கிளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி மனுவே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு சுற்று

தேர்வு நாளன்று காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருந்தேன். அந்துருண்டை வாசம் என்னைச் சுற்றி மூன்று பேர் வரைக்கும் வீசியது. ஷூ மட்டும் அவ்வளவு வெண்மை. எனக்கு முன்னால் நின்ற பெண் என் காலையே பார்த்துவிட்டு, "டிவி விளம்பரத்துல வர்ற மாதிரி இருக்கு" என்றாள். பெருமையாக இருந்தது.

அம்புட்டுக் கூட்டம். பெயர் கூப்பிட்டு, உயரம் அளந்து, வரிசை நகர்ந்து, என் முறை வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. நின்று நின்று கால் வீங்கிப் போயிருந்தது. வாங்கிய அன்று காலைப் போணி நேரத்தில் சரியாகப் பொருந்திய ஷூ, இப்போது பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. லேஸைத் தளர்த்திப் பார்த்தேன். அந்தத் தடித்த தோல் இம்மியும் இளகவில்லை. ஒரு நாள்கூட வளைந்திராத ஷூ எப்படி இளகும்?

விசில் ஊதினார்கள். முதல் வளைவு வரை நான்தான் முன்னால். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலை தெரிந்தது. இரண்டாவது வளைவில் வலது குதிங்காலில் எரிச்சல் ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் அரம் வைத்து ராவுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு காலையும் கிணற்றிலிருந்து தூக்குவதுபோல் தூக்கினேன். தனலட்சுமி என்னைத் தாண்டிப் போனாள். நிறமில்லாத ஷூ சத்தமே இல்லாமல் போனது. பிறகு எல்லோரும் தாண்டிப் போனார்கள். கோட்டுக்கு நாலைந்து எட்டு இருக்கும்போது நேரம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள்.

தனலட்சுமி தேறிவிட்டாள். நான் இல்லை.

அப்பா உள்ளே வந்தார். வெறும் தரையில் உட்கார்ந்து என் லேஸை அவிழ்த்தார். சாக்ஸ் குதிகாலோடு ஒட்டிக்கொண்டு சிவப்பாகிக் கிடந்தது. அதை மெதுவாக உரித்தார். காலை மடியில் வைத்துக்கொண்டு, கழற்றிய ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்தார். கனம் பார்த்து வாங்கியது தான்தான் என்று அவருக்கு உறைத்துவிட்டது. நான் அழுதேன். தோற்றதற்கும் அழுதேன், அவர் முகத்தைப் பார்த்தும் அழுதேன்.

அந்த வாரம் சந்தைக்குப் போய் வந்தவர், "இன்னும் ஆர்டர் வரலன்னு சொல்லிருக்கேன்" என்றார். சைக்கிள் மனு இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது.

தனலட்சுமியின் இன்லேண்ட் லெட்டர்

எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி. அதற்குப் பிறகு வயது கடந்துவிடும். அத்தை ஒரு மாப்பிள்ளைப் போட்டோவோடு வந்து, "இந்தத் தடவையும் ஆகலன்னா பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோ அலமாரியில் சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அதைப் பார்த்து ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பையனிடம் எந்தக் குறையும் இல்லை. எனக்குக் காக்கிதான் வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியில் இருந்த தனலட்சுமிக்கு எழுதினேன். அவளிடமிருந்து ஓரம் முழுக்கக் கிறுக்கிய இன்லேண்ட் லெட்டர் வந்தது. இன்றும் வைத்திருக்கிறேன்.

"அக்கா, ஷூ வாங்கச் சாயங்காலமாப் போங்க. பகல் பூரா நடந்து கால் வீங்கின பிறகு போங்க. ஓடறப்பப் போடற சாக்ஸையே போட்டுட்டுப் போங்க. நின்னு பாக்கறப்ப முன்னால கட்டை விரல் அகலம் எடம் இருக்கணுங்க. குதி வழுக்கக் கூடாதுங்க. கையில வளைச்சாப் பாதம் மடங்கற எடத்துல மடங்கணுங்க. கடைக்குள்ள உக்காந்து பாக்காதீங்க, தெருவுல ஓடிப் பாருங்க. முக்கியமாச் சொல்றனுங்க்கா, வாங்கின அன்னைக்கே அழுக்காக்கிருங்க. அப்பாவக் கூட்டிட்டுப் போகாதீங்க."

கடைசி வரியைத் தவிர மற்றதையெல்லாம் கடைப்பிடித்தேன். அப்பாவைத் தவிர்க்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரே முன்னால் நடந்துவிட்டார்.

தெருவில் ஓட்டம்

எங்களைப் பார்த்ததும் ரஹீம் பாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கண்ணே. விலையெல்லாம் வாயால பேசுவோம்ண்ணே."

போன வருடம் பார்த்த சாம்பல் நிற ஜோடியைக் கேட்டேன். மாட்டிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் இறங்கி ஓடினேன். சாயங்கால நேரம். பூக்காரம்மா கூடையை இழுத்து வழிவிட்டார். ஒரு ஆட்டோக்காரர், "யார் எத எடுத்துட்டு ஓடுறா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பி என்னோடு கூடவே வந்தார். "ஒண்ணும் இல்லண்ணே, ஷூ பாக்குறேன்" என்று ஓடிக்கொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை. கடை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

கால் சொன்னது: இதுதான். குதி வழுக்கவில்லை. விரல் இடிக்கவில்லை.

அப்பா அதற்குள் மேல் அடுக்கிலிருந்து வேறொன்றை இறக்கி வைத்திருந்தார். போன வருடத்ததைவிடத் தடித்த சோல். கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இது உழைக்கும். அது வத்தல். இதப் போட்டுப் பாரு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஒரு வருடம் அடக்கி வைத்தது மொத்தமும் வந்துவிட்டது.

"நான் ஆடு இல்லப்பா! தூக்கிப் பாக்குறதுக்கும் அமுக்கிப் பாக்குறதுக்கும் நான் ஆடு இல்ல. ஓடப் போறது என் காலு. போன தடவ ரத்தம் வந்ததும் என் காலு."

அப்பாவிடம் அதுவரை நான் குரலை உயர்த்தியதே இல்லை. அவர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அந்தத் தடித்த ஷூவை அவரே அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேல் அடுக்கில் ஏற்றினார். பிறகு ரஹீம் பாயிடம் திரும்பினார். பாய் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அப்பா துண்டைத் தொடவே இல்லை. பெட்டி மேல் எழுதியிருந்த விலையை எழுத்துக் கூட்டிப் படித்து, பணத்தை அப்படியே எடுத்து மேஜையில் வைத்தார். என் அப்பா பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அந்த ஷூதான். ரஹீம் பாய்க்கு அதிர்ச்சியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு ஜோடி சாக்ஸை எடுத்துச் சும்மா கொடுத்தார்.

அழுக்கு

வீட்டு வாசலில் அம்மா அந்துருண்டைப் பொட்டலத்தோடு தயாராக நின்றார். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு..." என்று ஆரம்பித்தார். நான் ஷூவைக் காலிலிருந்து கழற்றவே இல்லை. அப்படியே கொட்டிலுக்குள் போய் ஆட்டுப் புழுக்கையில் நாலு மிதி மிதித்தேன். "ஐயோ, புதுசு! புதுசு!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வியாழன் அப்பாவோடு அய்யலூர் சந்தைக்கே போய், மழைச் சேற்றிலும் மந்தைக்கு நடுவிலும் ஒரு நாள் பூராவும் நடந்தேன். மாலையில் பார்த்தால் நீலக் கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. "ஆர்டர் வந்துருச்சா?" என்று கேட்டவர்களுக்கு அப்பா, "வருது, வருது, ஓடி வருது" என்றார்.

பிறகு தினமும் ஓடினேன். குளத்தில் ஓடினேன், கரையில் ஓடினேன், மழை வந்து குளத்தில் தண்ணீர் வந்த பிறகு தார் ரோட்டில் ஓடினேன். ஒரு மாதத்தில் ஷூ என் பாதத்தின் மேடு பள்ளத்தையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டது. காலையில் அதை மாட்டும்போது சில நாள் ஈரமாக இருக்கும். பனி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சீக்கிரம் எழுந்தபோதுதான் பார்த்தேன். வாசலில் சேறு அப்பிக் கிடந்த ஷூவுக்கு முன்னால் அம்மா குந்தி உட்கார்ந்து, பாட்டிலிலிருந்து தீர்த்தத்தைத் தெளித்துக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

கழற்று

எழுத்துத் தேர்வில் மறுபடியும் தேறினேன். பிறகு அதே மைதானம், அதே வெயில், அதே நீள வரிசை. கால் வீங்கியது, ஷூவும் கூடவே இடம் விட்டது. என் காலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. காலில் ஷூ இருந்த நினைவே வரவில்லை. கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் விசில் ஊதினார்கள்.

என் பெயருக்கு நேரே அதிகாரி டிக் போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அப்பா வேப்பமரத்தடியில் இருந்தார். ஜெயித்தேனா என்று கேட்கவில்லை. "கழட்டு" என்றார்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கழட்டுத்தா."

கழற்றினேன். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கைப் பார்த்தார். உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். ஆட்டுக் குளம்பைப் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

"ஒரு கீறல் இல்ல" என்றார்.

பக்கத்தில் இன்னொரு பெண்ணோடு வந்திருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் கறுப்புப் பை. நகர்ந்து அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ள செலக்சன் ஆயிருச்சாக்கும்? கவர்மெண்டு வேல. நம்ம தங்கச்சி மகன் ஒருத்தன் இருக்கான். நல்ல எடம். நீங்க என்ன எதிர்பாக்குறீங்கன்னு..."

அப்பா அவரை ஏறிட்டுப் பார்த்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். அவர் வலது கையை இழுத்து, துண்டால் மூடினார். துண்டு மெதுவாக அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்குவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கடைசியில் துண்டுக்குள் ஒரு உருண்டை மட்டும் இருந்தது. அப்பா அதை இறுக்கி மூடி, செத்த நேரம் பிடித்திருந்தார்.

"என்னங்க இது, கைய இந்த நெரி நெரிக்கிறாரு? ஒண்ணும் வெளங்கலையே" என்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார்.

நான் குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதில், எத்தனை முறை போட்டும் முடிச்சு விழவில்லை.